வளர்பிறை மார்க்கெட்டின் தரை

காங்கயம் பேருந்து நிலையத்தில் இப்போதெல்லாம் நின்றுகொண்டு டீ குடிக்க விடமாட்டார்கள். கிளாஸைக் கையில் வாங்குவதற்குள் கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, "உக்காருங்க, உக்காந்து குடிங்க" என்பார். உபசாரம் என்று நினைத்துவிடக் கூடாது. பயம். தினமும் ஒரே இடத்தில் நின்று டீ குடிக்கிற ஆசாமி, நாளைக்கு இந்த இரண்டு சதுர அடி எனக்குத்தான் என்று காகிதத்தோடு வந்தால் என்ன செய்வது?

டீக்கடை மட்டுமல்ல. ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற பெண்கள் உருளை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அங்கும் இங்கும் போகிறார்கள். வங்கிக் காவலாளிக்கு மெத்தை வைத்த இருக்கை. யாராவது பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் முதலாளியே ஓடிவந்து தோளைப் பிடித்து உட்கார வைக்கிறார். வீடுகளில் கணவன்மார்கள் அடுப்படியில் ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார்கள். மனைவிமார்களுக்கு முதலில் சந்தோஷம்தான். காரணம் தெரிந்த பிறகு ஊரில் பாதி வீடுகளில் சண்டை.

எல்லாம் 2068-இல் வந்த தேய்மான உரிமைச் சட்டம் செய்த வேலை. 'தேய்த்தவருக்கே தரை' என்பது அதன் முழக்கம். வியாபாரத்துக்காகக் கட்டி, முதலாளி கைவிட்டுப் போன கட்டடம் எதுவானாலும், அதன் தரையில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கால் தேய நின்றவர்களுக்கே அது சேரும். கைவிட்ட கட்டடத்துக்கு மட்டும் என்ற வரியைப் பொறுமையாகப் படித்தவர்கள் குறைவு. அதனால் கடைகளில் எல்லாம் நாற்காலி.

யார் எவ்வளவு தேய்த்தார் என்பதைத் தேய்மானி சொல்லும். நடக்கும்போது பாதத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற மணல் துகள், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலைப் போடுகிறது. அதன் சாய்வும் ஆழமும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்தர் நடை மாதிரி இன்னொருத்தர் நடை இருப்பதில்லை. தோசைக்கல் அளவில் நான்கு சக்கரம் வைத்த அந்தக் கருவி தரைமேல் ஊர்ந்து, கோடிக்கணக்கான கீறல்களைப் பிரித்து, இது இன்னார் கால், இத்தனை மணி நேரம் என்று கணக்குச் சொல்லிவிடும்.

இந்தச் சட்டத்துக்காக இருபது வருடம் தெருவில் கிடந்தவள், இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தாள். பெயர் சங்கவி. வயது அறுபத்தெட்டு. நின்றோர் சங்கத்தின் தலைவி. இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவள், மாவட்ட அலுவலக வாசலில் நூற்றுப் பத்து நாள் தொடர்ந்து குந்தியிருந்தவள். ரோட்டோரம் நின்ற வேனில் சங்கத்துப் பெண்கள் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். எல்லோரும் தாராபுரம் ரோட்டில் இருந்த வளர்பிறை சூப்பர் மார்க்கெட்டில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இன்றைக்கு அந்தக் கட்டடத்தை அளக்கப் போகிறார்கள்.

சூப்பர் மார்க்கெட்டுகள் செத்து முப்பது வருடமாகிறது. தெருவுக்கு அடியில் குழாய் போட்டு, அரிசியும் பருப்பும் நேராக வீட்டு வாசல்பெட்டியில் விழ ஆரம்பித்ததும், ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள். கட்டடங்கள் மட்டும் நின்றன. அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதே சங்கவியின் வேலையாக இருந்தது. பெயர்ப் பலகை போய், பெயின்ட் மாறி, வேறு பிழைப்புக்கு வந்துவிட்ட கட்டடத்தையும் அவள் தூரத்திலேயே சொல்லிவிடுவாள். ஜன்னல் இருக்காது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி இருந்து பிறகு செங்கல் வைத்து அடைத்த அடையாளம் தெரியும். தள்ளுவண்டி ஏறி இறங்கிய சரிவு இருக்கும். உள்ளே போனால் ரேக்கை முடுக்கிய ஆணித் துளைகள், தரையில் வரிசை வரிசையாக.

அப்படி நாற்பத்து மூன்று கட்டடங்களைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தாள். பல்லடத்தில் ஒன்று பிணம் வைக்கிற குளிர்கூடம். பழைய ஐஸ்கிரீம் பெட்டி இருந்த இடத்திலேயே வைக்கிறார்கள், மின் இணைப்பு வசதி. வெள்ளகோவிலில் இறகுப்பந்து ஆடுகிறார்கள். உடுமலையில் ஒரு ஜெபக்கூடம், பாதிரியார் நின்று பேசும் இடம் முன்பு எண்ணெய் பாக்கெட் அடுக்கிய இடம். தாராபுரத்தில் ஒன்றை மாட்டுத் தீவனக் கிடங்காக்கியிருந்தார்கள், எலி சொந்தம் கொண்டாடுகிற அளவுக்கு. எங்கே போனாலும் வரவேற்பு ஒரே மாதிரிதான். நாயை அவிழ்த்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வக்கீலை.

"போலாமா? வேன்காரன் கத்தறான்" என்றாள் மோனிஷா. அறுபத்தாறு வயது. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து, அதன்மேல் துணி சுற்றியிருந்தாள். பருப்பு ரேக்கில் பதினான்கு வருடம் நின்றதன் சம்பாத்தியம் அது. சங்கத்தில் எல்லோருக்கும் சங்கவி மேல் மரியாதை. மோனிஷாவுக்கு மட்டும் மரியாதையும் உண்டு, ஒரு மாதிரியான பார்வையும் உண்டு. காரணம் இருவருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

வளர்பிறை மார்க்கெட் வாசலில் ரீத்தா பெஹரா காத்திருந்தாள். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் மகள், இங்கேயே பிறந்தவள், நாற்பத்தைந்து வயது. ஒன்பது வருடமாக இருபத்திரண்டு குடும்பங்கள் அந்தக் கட்டடத்துக்குள் சேலையையும் தகரத்தையும் தட்டியாக்கி வாழ்ந்து வந்தன. அவர்களுக்கெல்லாம் பேசுகிறவள் ரீத்தாதான். சரிவு முழுக்கச் சோப்புத் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தார்கள். முன்னால் போன போலீஸ்காரர் வழுக்கிக் குப்புற விழுந்தார். யாரும் தூக்கிவிடவில்லை.

"வாங்க, வாங்க" என்றாள் ரீத்தா. "எங்களத் தெருவுல எறக்கி உட வந்தீங்களாக்கும். டீ சாப்புடறீங்களா?"

"ஒன்னயத் தொரத்தோணும்னு எனக்கென்ன ஆசையா அம்மிணி?" என்றாள் சங்கவி. "இது நாங்க நின்ன எடம்."

"நாங்க ஒம்பது வருசமா படுத்த எடமுங்க."

அளவர் முகிலரசன் இருவருக்கும் நடுவில் புகுந்து, சட்டத்தில் படுத்ததுக்கு உரிமை இல்லை என்று விளக்கினார். அரசாங்க ஊழியர், நாற்பது வயது, இந்த மாதிரி வாசல்களில் கல்லடி பட்டுத் தழும்பேறிய மனிதர். யார் பக்கமும் முகம் கொடுக்காமல் பேசப் பழகியிருந்தார். அவர் தேய்மானியைப் பையிலிருந்து எடுத்துத் துடைக்கத் துடைக்க, ரீத்தா அதையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் சுற்றிலேயே கருவி கட்டடத்தின் கதையை அடுக்கடுக்காகப் பிரித்துவிட்டது. முகிலரசன் திரையைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பது போல வாசித்தார். 2021-இல் தரை போட்டது. இருபது வருடம் கடை. அதற்குப் பிறகு ஆறு வருடம் கல்யாண மண்டபம். கம்பளம் விரித்திருந்ததால் கீறல் இல்லை. அப்புறம் தேர்வு மையம். எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள். நான்கு வருடம் முட்டைக் கிடங்கு. பிறகு பூட்டு. கடைசி ஒன்பது வருடத்தில், இறுதிச் சில மாதம் போக, ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது.

"ஒண்ணுமே இல்லையா? இருவத்திரண்டு குடும்பம் இருந்திருக்கறமுங்க" என்றாள் ரீத்தா.

"கீழ என்ன விரிச்சிருந்தீங்க?"

"பிளக்ஸ் பேனருங்க. தரை சில்லுன்னு இருக்குதுன்னு கட்சிக்காரங்க பேனரெல்லாம் வாங்கி ரெண்டு மடிப்பாப் போட்டோம். தரை கெட்டுப் போகக்கூடாதுன்னு சந்தெல்லாம் ஒட்டுனமுங்க."

"அதான் கீறலே விழல."

"அப்ப தரையப் பத்தரமா வெச்சிருந்ததுதான் எங்க தப்புங்களா?"

முகிலரசன் திரையை அடுத்த அடுக்குக்குத் தள்ளினார். கடைசி ஆறு மாதத்தில் மட்டும் தாறுமாறான கீறல்கள் தெரிந்தன. பேனரை உருவிப் போட்டுவிட்டு, மணலைக் கொட்டி, செருப்பில் தகரம் அடித்து, குடும்பத்தோடு நடந்திருக்கிறார்கள். வேண்டுமென்றே தேய்த்தது செல்லாது என்று அவர் அந்த அடுக்கை அழித்தார். ரீத்தா காறித் துப்பினாள். எச்சில் சங்கவியின் சேலை ஓரத்தில் விழுந்தது.

சங்கவிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் மனம் இளகவில்லை. இருபது வருடம் ஒன்றுக்காக உயிரை விட்டவளுக்கு, வாசற்படியில் வந்து நிற்கும்போது அடுத்தவர் அழுகை காதில் விழுவதில்லை. முப்பத்தொரு பேருக்கும் இந்தக் கட்டடத்தில் ஆளுக்கொரு பங்கு; வயதான காலத்தில் யாரையும் அண்டாமல் ஒன்றாக இருந்து சாகலாம். இதைச் சொல்லித்தான் அவர்களைத் தெருவுக்கு அழைத்து வந்தாள், இதைச் சொல்லித்தான் இருபது வருடம் கலையாமல் வைத்திருந்தாள்.

அடுத்தது கடைக் காலத்தின் அடுக்கு. கோருகிறவர்கள் தங்கள் பழைய இடத்தில் போய் நிற்க வேண்டும். முகிலரசன் சொல்லி முடிப்பதற்குள் முப்பத்தொரு பேரும் பிரிந்து போய்விட்டார்கள். ரேக் இல்லை, பொருள் இல்லை, தட்டிகளும் கொடிக்கயிறும்தான் இருந்தன. ஆனாலும் கால்களுக்கு இடம் தெரிந்தது. சோப்பு, பிஸ்கட், மசாலா, பருப்பு, எண்ணெய், நாப்கின். வினோதினி பொம்மை வரிசையில் போய் நின்றதும் கைகளைத் தானாகப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அந்தக் காலத்து உத்தரவு.

காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். உட்காருவதற்கு ஸ்டூல் கிடையாது, சாய்வதற்குச் சுவர் கிடையாது. யாராவது அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அகப்பட்டால், மறுநாள் முழுக்க வாசலில் வெயிலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்ல வேண்டும். அகப்படாமல் இருக்க முடியாது. ஏனென்றால் மேற்பார்வையாளர் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். முதலில் மேற்பார்வையாளரும் வெறுங்கால்தான்; கடைசிக் காலத்தில் கம்பெனி அவருக்குக் கறுப்பு ஷூ கொடுத்திருந்தது, கெட்டியான அடிப்பாகம் வைத்தது. டக் டக் என்ற சத்தம் கேட்டதும் கடையே நிமிரும்.

வளர்பிறையில் கடைசி நான்கு வருடம் அந்த ஷூவைப் போட்டிருந்தது சங்கவிதான்.

ஏழு வருடம் மசாலா ரேக்கில் நின்றாள். எட்டாவது வருடம் கூப்பிட்டு, நீ பார்த்துக்கொள் என்றார்கள். பார்த்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பார்த்துக்கொள்வதில் கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்தாள். ஐந்தாம் வருடத் தொடக்கத்தில் ஒருநாள் ஷூவைக் கழற்றி மேனேஜர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தவள், பிறகு சங்கம் ஆரம்பித்தாள். முப்பத்தொரு பேருக்கும் இது தெரியும். இருபது வருடப் போராட்டத்தில் அதை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. மன்னித்துவிட்டார்கள் என்றுதான் சங்கவி நினைத்திருந்தாள். அவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

தேய்மானி வரிசை வரிசையாக ஊர்ந்தது. மோனிஷாவின் காலடியில் போய் நின்றது, சுற்றியது, மறுபடியும் சுற்றியது. முகிலரசன் நெற்றியைச் சுருக்கினார்.

"அம்மா, இங்க எத்தன வருசம் நின்னதாச் சொன்னீங்க?"

"பதினாலு."

"கீறலே கம்மியா இருக்குதுங்களே." அவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து முப்பத்தொரு பேர் கால்களையும் பார்த்தார். செருப்புகள் எல்லாம் சரிவின் ஓரத்தில் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. யாரும் கழற்றச் சொல்லவில்லை. "அப்பவும் வெறுங்காலுதானுங்களா?"

"செருப்போட உள்ள உட மாட்டாங்க. தரை பளபளப்பு போயிருமாம்" என்றாள் மோனிஷா. "பின்பக்கம் சாக்குல போட்டுட்டு வரோணும்."

அளவர் திரையில் அந்த அடுக்கைப் பெரிதாக்கிப் பார்த்தார். சட்டம் வருவதற்கு முன்பு தேய்மானியை வெள்ளோட்டம் பார்த்ததெல்லாம் நூற்பாலைகளில். அங்கே எல்லோரும் ரப்பர் செருப்புப் போட்டிருந்தார்கள். வெறுங்காலின் தோல் மெத்தென்று மணலை உள்வாங்கிக்கொள்ளும், டைல்ஸைக் கீறாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. தரை தேயவில்லை. தேய்ந்ததெல்லாம் கால்.

அளந்து முடித்ததும் கருவி தடப்படத்தைத் தரைமீதே வெளிச்சமாக விரித்துப் போடும். போட்டது. முப்பத்தொரு பெண்களின் காலடியிலும் நீல நிறத்தில் ஒரு மங்கல், தண்ணீர் தெளித்துக் காய்ந்த அளவுக்கு. அவர்களைச் சுற்றிச் சிவப்பாக ஒரே ஒரு தடம், உள்ளங்கை அகலத்துக்கு. வாசலில் தொடங்கி, சோப்பு வரிசையில் போய், பிஸ்கட்டில் திரும்பி, எண்ணெயில் நின்று, ஒரு வரிசை விடாமல் கடையை அளந்திருந்தது. ஒவ்வொரு நீல மங்கலுக்கும் பின்னால் ஒரு முழம் தள்ளி அந்தச் சிவப்பு கட்டியாக உறைந்திருந்தது. நின்று பார்த்த இடங்கள்.

மோனிஷாவுக்குப் பின்னால் இருந்த கட்டிதான் பெரிது. அதன் முனையில் சின்னதாக, ஆழமாக, ஒரு குழி.

"இது என்னங்க?" என்றாள் மோனிஷா.

"ஷூ முனைங்கம்மா. ஒரே எடத்துல தட்டிட்டே இருந்திருக்காங்க. பல நூறு தடவ."

மோனிஷா கைத்தடி முனையால் அந்தக் குழியைத் தொட்டாள். "எனக்கு ஏழாம் மாசம்" என்றாள், யாரிடமும் சொல்வது போலில்லாமல். "பருப்பு மூட்டைக்குப் பொறகால உக்காருவேன். திட்ட மாட்டா. எந்திரின்னுகூடச் சொல்ல மாட்டா. வந்து நின்னுட்டுத் தட்டுவா. நான் எந்திரிக்கிற வரைக்கும் தட்டுவா."

தட்டியது சங்கவிக்கு நினைவே இல்லை. திட்டாமல் இருந்தேன், கை நீட்டாமல் இருந்தேன், மற்ற மேற்பார்வையாளர்களைவிட நான் நல்லவள் என்றுதான் இத்தனை வருடம் மனதுக்குள் வைத்திருந்தாள். அவமானமாக இருந்தது. அந்த வெளிச்சத்தை யாராவது அணைத்தால் போதும் என்றிருந்தது.

முகிலரசன் தொண்டையைச் செருமினார். "கோரினவங்க முப்பத்தொரு பேரோட தேய்மானம் எல்லாம் சேர்த்து நூத்துல ஒம்பது. வாடிக்கையாளருங்க வந்து போனது கணக்குல வராது. இந்த ஷூத் தடம் மட்டும் அம்பத்தெட்டு. மீதி, கோர வராதவங்களோடது. நடையப் பொருத்திப் பாத்ததுல சங்கவி அம்மாவோடதுதான்னு வருது. பாதிக்கு மேல ஒருத்தரே தேச்சிருந்தா முழுக் கட்டடமும் அவங்களுக்குத்தான்."

அந்த விதியைச் சட்டத்தில் சேர்க்க வைத்தவளே சங்கவிதான். பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, தன் பழைய கட்டடத்தில் கூலிக்கு நானூறு பேரை நிற்க வைத்துத் துண்டு துண்டாகப் பங்கு கேட்க வைத்தான். அதைத் தடுக்க, பாதிக்கு மேல் தேய்த்தவளுக்கே முழுதும் என்று திருத்தக் குழுவின் மேஜையைத் தட்டிச் சொன்னாள். அப்போது அவள் மனதில் இருந்தது மோனிஷாவின் கால்கள்.

"சரி, எழுதிக்கங்க" என்றாள் சங்கவி, அவசரமாக. "எம் பேர்ல எழுதி, அப்படியே இவங்க எல்லாத்துக்கும் மாத்திக் குடுத்தர்றேன்."

"முடியாதுங்கம்மா. பதினஞ்சு வருசத்துக்குக் கைமாத்தக் கூடாது. ஏழைங்ககிட்டக் கம்பெனிக்காரன் எழுதி வாங்கிருவான்னு நீங்கதானுங்க போராடி வெச்சீங்க."

யாரோ சிரித்தார்கள். ரீத்தா. தட்டியில் சாய்ந்துகொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"வேண்டாம்னு சொன்னா?"

"ஏலத்துக்குப் போயிரும். வாசல்பெட்டி கம்பெனிக்காரங்க ஏற்கெனவே கேட்டு வெச்சிருக்கறாங்க."

சங்கவி முப்பத்தொரு பேரையும் பார்த்தாள். ஒருத்தியும் ரேகை வை என்று சொல்லவில்லை, வைக்காதே என்றும் சொல்லவில்லை. கம்பெனிக்குப் போவதற்குத் தன்னிடம் இருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நியாயமாகத்தான் தோன்றியது. பெருவிரலை வைத்தாள்.

அந்த நிமிடமே முகிலரசனின் குரலில் ஒரு பணிவு வந்துவிட்டது. பையிலிருந்து ஒரு கட்டுப் பஞ்சுறைகளை எடுத்து அவளிடம் நீட்டினார். வருகிறவர்கள் காலில் மாட்டிக்கொண்டால் கீறல் விழாது. யாராவது செருப்போடு நின்றால் அந்த நிமிடத்திலிருந்து எண்ணுகிற ஒரு கடிகாரத்தைச் சுவரில் மாட்டினார். "இங்க இருக்கறவங்களுக்கு முப்பது நாள் நோட்டீஸ் நீங்கதான் குடுக்கோணும், இல்ல இருக்கட்டும்னு உடலாம், உங்க இஷ்டமுங்க. அப்புறம் ஒண்ணு. இன்னிக்கு இருந்து யாரு இங்க செருப்போட நின்னாலும் கணக்குல ஏறும். பத்து நிமிசம் தாண்டுனாத்தான் ஏறும். மணலக் கொட்டித் தேச்சாத்தான் செல்லாது, சும்மா நின்னா செல்லும். ஆயிரம் மணி நேரம் ஆச்சுன்னா அவங்களும் பங்கு கேட்டு வரலாம், அதுக்குக் கைமாத்தற தடையெல்லாம் கெடையாது. அதனால பாத்துக்கங்க."

மோனிஷா தலையை நிமிர்த்தினாள். "அப்ப நாங்க இங்க வந்து நின்னா?"

"ஓனரம்மா உட்டா நிக்கலாமுங்க."

மோனிஷா கைத்தடியை ஊன்றி வாசலுக்குப் போனாள். சரிவில் கிடந்த தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். வினோதினி போனாள். ஒவ்வொருத்தியாகப் போய் மாட்டிக்கொண்டு வந்து, அந்த நீல மங்கல்களின் மேல் நின்றார்கள். பத்து ஸ்டூல்கள் சுவரோரம் கிடந்தன, ரீத்தாவின் வீட்டு ஸ்டூல்கள். எல்லோரும் சங்கவியைப் பார்த்தார்கள்.

இரண்டு வார்த்தை போதும். நில்லுங்கள், தாராளமாக நில்லுங்கள். தினம் நான்கு மணி நேரம் நின்றால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், எல்லோருக்கும் பங்கு வந்துவிடும், இருபது வருடம் அவள் கேட்டது கிடைத்துவிடும். சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் ரீத்தா தட்டியை விட்டு வெளியே வந்து, அவளும் செருப்பு மாட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றாள். பின்னால் அவள் வீட்டுக்காரர். அதற்குப் பின்னால் இன்னும் நான்கு பேர். சங்கவி அவர்கள் காலைப் பார்த்தாள். எல்லோரும் நின்றால் என்ன ஆகும், யார் கணக்கு வைத்துக்கொள்வது, நாளைக்கு நூறு பேர் வந்தால்? ஐம்பத்தெட்டு என்ற எண் மனதுக்குள் வந்து நின்றது. அது குறையக் கூடியது என்பதும் கூடவே வந்தது.

"மோனிஷா, உனக்குக் கால் ஆகாதல்ல" என்றாள். "எதுக்கு நிக்கறீங்க எல்லாரும்? உக்காருங்க. சித்த நேரம் உக்காருங்க, அப்புறம் பேசிக்கலாம்."

கனிவாகத்தான் சொன்னாள். கனிவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஸ்டூலை இழுத்து வந்து மோனிஷாவுக்குப் பக்கத்தில் போட்டதும் அவளேதான்.

மோனிஷா ஸ்டூலைப் பார்த்தாள். பிறகு கைத்தடியை அதன்மேல் வைத்துவிட்டு, இரண்டு கால்களிலும் பாரத்தை ஊன்றி நின்றாள். புடைத்த நரம்பின் மேல் துணி இறுகியது.

"பதினாலு வருசம் உக்கார உடலயில்ல" என்றாள். "இப்ப நிக்க உடு."

முகிலரசன் கருவியை மூடிப் பையில் வைத்துவிட்டு, கையெழுத்துக் காகிதத்தின் நகலை ஓனரம்மாவிடம் கொடுத்தார். சங்கவி அதை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது அவள் கண் காகிதத்தில் இல்லை, சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ஏழு நிமிடம் ஆகியிருந்தது.